பத்து எண்களிலிருந்து நூற்றுமானம்: புள்ளியிடச் சூத்திரங்களைத் தேர்ந்தெடுப்பதும் கணக்கிடுவதும்

நைல் நதி அஸ்வான் வழியாக ஆண்டுதோறும் எவ்வளவு தண்ணீர் கொண்டுபோனது என்பதற்கு 1871 முதல் 1970 வரை நூறு ஆண்டுக் கணக்கு இருக்கிறது. புள்ளியியல் படித்தவர்கள் பலர் இதை ஏதாவது ஒரு பாடத்தில் பார்த்திருப்பார்கள். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் ‘நைல்’ என்ற பெயரிலேயே இது உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. அதில் முதல் பத்து ஆண்டுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அலகு, பத்துக் கோடி கன மீட்டர்.

1871: 1120
1872: 1160
1873: 963
1874: 1210
1875: 1160
1876: 1160
1877: 813
1878: 1230
1879: 1370
1880: 1140

இந்தப் பத்து எண்களையும் எக்செலில் இட்டு 90ஆம் நூற்றுமானத்தை, அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு எந்த அளவுக்குள் அடங்கும் என்பதை, கேளுங்கள். ‘பெர்சென்டைல்.இன்க்’ 1244 என்று சொல்லும். ‘பெர்சென்டைல்.எக்ஸ்க்’ 1356 என்று சொல்லும். இடைவெளி 112 அலகு, அதாவது 1,120 கோடி கன மீட்டர். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் ஏறத்தாழ 395 டி.எம்.சி. மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அந்த அணையை நான்கு முறை நிரப்பினாலும் தண்ணீர் மிஞ்சும்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். ‘இன்க்’ வகையிடம் 99ஆம் நூற்றுமானத்தைக் கேட்டால் 1357 வருகிறது. ஒரு கட்டளை 90 என்று பெயரிட்ட அதே தண்ணீருக்கு மற்றொன்று 99 என்று பெயரிடுகிறது. இரண்டிலும் கணக்குப் பிழை இல்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. எந்தக் கேள்விக்கு எந்தச் சூத்திரம் என்று தெரியாமல் நூற்றுமானம் கணக்கிடுவது ஆபத்தான வேலை. அணை, பாலம், காப்பீடு, மருத்துவப் பரிசோதனை என்று எங்கே பயன்படுத்தினாலும் இது பொருந்தும்.

வரிசைப்படுத்திய ஒவ்வொரு மதிப்புக்கும் நிகழ்தகவு அச்சில் ஓர் இடம் ஒதுக்கும் இந்தச் சூத்திரங்களை ஆங்கிலத்தில் ‘பிளாட்டிங் பொசிஷன்’ என்பார்கள். நான் புள்ளியிடம் என்று எழுதுகிறேன்.

படி 1: வரிசைப்படுத்தி எண் கொடுங்கள்

சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்: 813, 963, 1120, 1140, 1160, 1160, 1160, 1210, 1230, 1370. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை வரிசை எண் கொடுங்கள். இனி வரிசை எண்ணை ‘வ’ என்றும், மொத்த எண்ணிக்கையை ‘மொ’ என்றும் குறிக்கிறேன்.

முதலிடத்தில் நிற்கும் 813, 1877ஆம் ஆண்டுக்கு உரியது. தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் உச்சத்தில் இருந்த காலம் அது. அந்த ஆண்டின் கடுமையான எல் நினோ, இந்தியப் பருவமழையோடு நைலுக்கு நீர் தரும் எத்தியோப்பிய மழையையும் குறைத்தது. வரிசையின் ஓரத்தில் இருக்கும் எண்ணை வெறும் எண்ணாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. ஓரங்களில்தான் பஞ்சமும் வெள்ளமும் இருக்கின்றன, சூத்திரங்கள் சண்டையிடுவதும் அங்கேதான்.

வெள்ளத்தை ஆராய்பவர்கள் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குவது வழக்கம். அப்போது சூத்திரம் தருவது ‘இந்த அளவைத் தாண்டும்’ நிகழ்தகவு. ஏறுவரிசையில் கிடைப்பது ‘இந்த அளவுக்குள் இருக்கும்’ நிகழ்தகவு. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினீர்கள் என்பதைத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.

படி 2: வ ÷ மொ என்ற ஆசையை விடுங்கள்

பத்தில் மூன்றாவது என்றால் 3 ÷ 10, அதாவது 30 சதவீதம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நீரியலில் இதற்குக் கலிபோர்னியா முறை என்று பெயர். கடைசி எண்ணுக்கு வரும்போது இதன் குறை தெரியும். 1370க்கு 10 ÷ 10 = 1. அப்படியென்றால் நைலில் இனி ஒருபோதும் 1370ஐத் தாண்டி நீர் வராது என்று பத்தே ஆண்டுகளைப் பார்த்து முடிவு கட்டிவிட்டோம். நிகழ்தகவுத் தாளில், அதாவது நிகழ்தகவு அச்சின் ஓரங்கள் நீட்டப்பட்ட வரைதாளில், அந்தப் புள்ளியை வைக்கவும் முடியாது. 100 சதவீதத்துக்கு உரிய இடம் முடிவிலியில் இருக்கிறது.

மற்றொரு குறை இதைவிட ஆழமானது. இதே சூத்திரத்தை இறங்குவரிசையில் போட்டால் 1370ஐ எட்டும் அல்லது தாண்டும் நிகழ்தகவு 1 ÷ 10 என்று வரும். ஏறுவரிசையில் தாண்டவே தாண்டாது, இறங்குவரிசையில் பத்தில் ஒரு முறை. எண்ணும் திசையை மாற்றினால் பதில் மாறும் சூத்திரத்தை நம்ப முடியாது.

படி 3: ஒரே குடும்பம், ஒரே மாறிலி

புழக்கத்தில் உள்ள நல்ல சூத்திரங்கள் அநேகமாக எல்லாமே ஒரே வடிவத்தில் அடங்கும்:

புள்ளியிடம் = (வ − அ) ÷ (மொ + 1 − 2அ)

‘அ’ என்பது நாம் தேர்ந்தெடுக்கும் மாறிலி. அதன் மதிப்பை வைத்துத்தான் பெயர்கள் வருகின்றன.

அ = 0 என்றால் வெய்புல் சூத்திரம்: வ ÷ (மொ + 1). எக்செலின் ‘எக்ஸ்க்’ வகை இதுவே. சுவீடனின் வலோடி வெய்புல் 1939இல் பயன்படுத்தினார். பின்னர் எமில் கும்பெல் இதற்காக வலுவாக வாதாடினார்.
அ = 0.3 என்றால் பெனார்ட் சூத்திரம் (1953). இயந்திர உறுப்புகளின் ஆயுளைக் கணிப்பவர்களுக்கு நெருக்கமானது.
அ = 1/3 என்றால் டூக்கி (1962).
அ = 3/8 என்றால் பிளோம் (1958).
அ = 0.4 என்றால் கனேன் (1978).
அ = 0.44 என்றால் கிரிங்கார்ட்டன் (1963).
அ = 0.5 என்றால் ஹேசன் (1914): (வ − 0.5) ÷ மொ.
அ = 1 என்றால் (வ − 1) ÷ (மொ − 1). எக்செலின் ‘இன்க்’ வகையும், ஆர் மொழியின் இயல்பான தேர்வும், பைத்தான் மொழியின் நம்பை என்ற கணக்குத் தொகுப்பு தரும் இயல்பான விடையும் இதுவே.

இவை எல்லாமே சமச்சீரானவை. மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் இரண்டு விடைகளும் கூடி 1 ஆகும். படி 2இல் பார்த்த முரண் இவற்றில் இல்லை.

நம் பத்து எண்களுக்கு மூன்று சூத்திரங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

| வ | ஓட்டம் | வெய்புல் | கனேன் | ஹேசன் |
|---|---|---|---|---|
| 1 | 813 | 0.091 | 0.059 | 0.05 |
| 2 | 963 | 0.182 | 0.157 | 0.15 |
| 3 | 1120 | 0.273 | 0.255 | 0.25 |
| 4 | 1140 | 0.364 | 0.353 | 0.35 |
| 5 | 1160 | 0.455 | 0.451 | 0.45 |
| 6 | 1160 | 0.545 | 0.549 | 0.55 |
| 7 | 1160 | 0.636 | 0.647 | 0.65 |
| 8 | 1210 | 0.727 | 0.745 | 0.75 |
| 9 | 1230 | 0.818 | 0.843 | 0.85 |
| 10 | 1370 | 0.909 | 0.941 | 0.95 |

நடுவில் மூன்றும் கைகோத்து நிற்கின்றன. ஓரங்களுக்குப் போகப் போக விலகுகின்றன. உங்களுக்கு வேண்டியது இடைநிலை அளவு, அதாவது வரிசையின் நடுமதிப்பு, மட்டும்தான் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. எந்தச் சூத்திரமும் 1160 என்றுதான் சொல்லும்.

படி 4: உங்கள் கேள்வி எது?

வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான். இங்கே சற்று நிதானமாக நிற்போம்.

1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீங்கள் அஸ்வானில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வரப்போகும் ஆண்டு 1370ஐத் தாண்டுமா? பதினோராவது எண் இன்னும் வரவில்லை. வந்த பிறகு பதினொரு எண்கள் இருக்கும். ஆண்டுகள் ஒன்றையொன்று சாராமல், ஒரே தன்மை கொண்டவையாக இருந்தால், அந்தப் பதினொன்றில் எது பெரியதாக இருக்கவும் சம வாய்ப்பு. எனவே புதிதாக வருவதே எல்லாவற்றிலும் பெரியதாக இருக்கும் வாய்ப்பு பதினொன்றில் ஒன்று. ஏற்கெனவே உள்ள பத்து எண்கள் எண்கோட்டைப் பதினொரு துண்டுகளாக வெட்டுகின்றன. புதிய எண் எந்தத் துண்டில் விழவும் வாய்ப்பு ஒன்றே. வெய்புல் சூத்திரத்தின் ‘மொ + 1’ இங்கிருந்துதான் வருகிறது. பரவல், அதாவது எந்த அளவு எவ்வளவு அடிக்கடி வரும் என்ற அமைப்பு, எந்த வடிவத்தில் இருந்தாலும் இது பொருந்தும். அடுத்து வரப்போவதைப் பற்றிய நிகழ்தகவு உங்கள் கேள்வி என்றால் வெய்புலை எடுங்கள்.

இரண்டாவது கேள்வி வேறு. தரவு மணி வடிவ இயல்நிலைப் பரவலிலிருந்து வந்ததா என்று தாளில் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும், அல்லது கோடு வரைந்து சராசரியையும் திட்ட விலக்கத்தையும் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) படிக்க வேண்டும். இயல்நிலைப் பரவலிலிருந்து பத்து எண்கள் எடுத்தால், அவற்றில் பெரியது சராசரியாக 1.539 திட்ட விலக்கம் மேலே இருக்கும். புள்ளியை அங்கேதான் வைக்க வேண்டும். வெய்புல் அதை 1.335இல் வைக்கிறது, ஹேசன் 1.645இல் வைக்கிறது, பிளோம் 1.547இல் வைக்கிறது. பிளோம்தான் கிட்டே வருகிறது, அதற்காகவே உருவாக்கப்பட்டது. வெய்புலில் ஓரப் புள்ளிகள் உள்ளே இழுக்கப்படுவதால் கோடு செங்குத்தாகி, திட்ட விலக்கம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். ஹேசனில் இதற்கு நேர்மாறு. ஆகவே பரவலைப் பொருத்திப் பார்ப்பது கேள்வி என்றால்: இயல்நிலைக்குப் பிளோம், ஆண்டு உச்ச வெள்ளம் போன்றவற்றுக்கு ஏற்ற கும்பெல் பரவலுக்குக் கிரிங்கார்ட்டன், எந்தப் பரவல் என்று முடிவாகாத நிலையில் சமரசமாகக் கனேன்.

மூன்றாவது கேள்வி: பரவலின் வடிவம் பற்றி எதுவும் அனுமானிக்காமல் நூற்றுமானத்தை மதிப்பிட வேண்டும். இங்கே டூக்கியின் 1/3 நல்லது. ராப் ஹைண்ட்மனும் யானன் ஃபானும் 1996இல் மென்பொருள்களில் உள்ள ஒன்பது வகைகளை ஒப்பிட்டு இதைத்தான் பரிந்துரைத்தார்கள். ஆர் மொழியின் ‘குவான்டைல்’ கட்டளையில் இது எட்டாம் வகை. வெய்புல் ஆறாம் வகை. இயல்பாக வருவது ஏழாம் வகை.

நான்காவது: கையில் உள்ள எண்களை மட்டும் விவரிப்பது. ஒரு வகுப்பின் மதிப்பெண்கள். வேறு மாணவர் யாரும் கணக்கில் இல்லை. குறைந்த மதிப்பெண்ணுக்கு 0ஆம் நூற்றுமானம், கூடியதற்கு 100ஆம் நூற்றுமானம் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை. அ = 1 இதற்குப் போதும். இதையே எதிர்கால வெள்ளத்துக்குப் பயன்படுத்துவதுதான் தவறு. மென்பொருள் இயல்பாகத் தருகிறது என்பதற்காகவே பலர் அப்படிச் செய்கிறார்கள்.

கணிதம் பிடித்தவர்களுக்கு ஓர் அழகான செய்தி. வ-ஆவது இடத்தில் உள்ள எண்ணின் உண்மையான நிகழ்தகவு எங்கே இருக்கும் என்பது, 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண்களுக்கு உரிய பீட்டா பரவலைப் பின்பற்றும். அளவுருக்கள் வ, மொ + 1 − வ. அந்தப் பரவலின் சராசரி வெய்புல். முகடு, அதாவது வாய்ப்பு உச்சத்தில் இருக்கும் இடம், எக்செலின் ‘இன்க்’. இடைநிலை அளவு, ஏறத்தாழ டூக்கியும் பெனார்டும். பல ஆண்டுகளாக நடந்த சண்டையில் ஒரு பாதி, ஒரே பரவலின் சராசரியா, முகடா, இடைநிலையா என்ற கேள்விதான். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு இந்தச் சூத்திரங்கள் எல்லாம் உறவுக்காரர்களாகத் தெரிய ஆரம்பித்தன.

படி 5: நூற்றுமானத்திலிருந்து மதிப்புக்கு

சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் வரிசையில் எங்கே பார்க்க வேண்டும் என்பது கிடைக்கும்:

இடம் = அ + (மொ + 1 − 2அ) × பங்கு

90ஆம் நூற்றுமானத்துக்குப் பங்கு 0.9. டூக்கிக்கு இடம் = 0.333 + 10.333 × 0.9 = 9.633. ஒன்பதாவது எண் 1230, பத்தாவது 1370, இடைவெளி 140. எனவே விடை 1230 + 0.633 × 140 = 1318.7. இதே வழியில் ஹேசனுக்கு இடம் 9.5, விடை 1300. கனேனுக்கு 9.58, விடை 1311. வெய்புலுக்கு 9.9, விடை 1356. ‘இன்க்’ வகைக்கு 9.1, விடை 1244. எக்செலில் டூக்கிக்கோ கனேனுக்கோ தனிக் கட்டளை இல்லை. இடத்தைக் கையால் கணக்கிட்டு அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையில் பங்கிட்டால் போதும்; ஒரு நிமிட வேலை.

இடம் 1க்குக் கீழே போனாலோ, மொ-வைத் தாண்டினாலோ நின்றுவிடுங்கள். பத்து எண்களில் வெய்புல் முறையால் 90.9 சதவீதத்துக்கு மேல் எதையும் சொல்ல முடியாது. ‘எக்ஸ்க்’ வகையிடம் 99ஐக் கேட்டால் எக்செல் பிழைச் செய்தி காட்டும். அது நேர்மையான பதில். தரவு சொல்லாததைக் கேட்கிறீர்கள் என்பதே அதன் பொருள். வெய்புல் வழியில் 99ஆம் நூற்றுமானம் வேண்டுமானால் குறைந்தது 99 எண்கள் வேண்டும். அதற்குக் குறைவாக வைத்துக்கொண்டு மேலே போக வேண்டும் என்றால் ஒரு பரவலைப் பொருத்தி, அதை வெளிப்படையாகச் சொல்லித்தான் போக வேண்டும்.

படி 6: மதிப்பிலிருந்து நிகழ்தகவுக்கு

ஓர் ஆண்டின் ஓட்டம் 1000க்குக் கீழே போகும் நிகழ்தகவு என்ன? 1000, இரண்டாவது எண்ணுக்கும் (963) மூன்றாவதுக்கும் (1120) இடையில் இருக்கிறது. (1000 − 963) ÷ 157 = 0.236. ஆகவே பின்ன வரிசை எண் 2.236. இதைச் சூத்திரத்தில் இட்டால் வெய்புல் 0.203, கனேன் 0.180, ஹேசன் 0.174, ‘இன்க்’ வகை 0.137.

நமக்கு அடுத்து நடந்ததும் தெரியும் என்பதால் சரிபார்க்கலாம். 1881 முதல் 1898 வரை பதினெட்டு ஆண்டுகளில் ஆறு ஆண்டுகள் 1000க்குக் கீழே போயின. மூன்றில் ஒன்று. எல்லாக் கணிப்பும் குறைவாகவே இருந்தது. வெய்புல்தான் கொஞ்சம் நெருங்கியது. ஆனால் மேல் ஓரத்தில் அதே பதினெட்டு ஆண்டுகளில் இரண்டு முறை ஓட்டம் 1244ஐத் தாண்டியது, 1356ஐ ஒருமுறையும் தாண்டவில்லை. அங்கே ‘இன்க்’ வகைதான் பொருந்தியது போலத் தெரியும். ஒரு நதியில் ஒரு முறை சரியாக வந்தது என்று சூத்திரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கேள்வியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

படி 7: சம எண்கள்

1160 மூன்று முறை வருகிறது. தாளில் புள்ளி வைக்கும்போது 5, 6, 7 என்று தனித்தனி வரிசை எண்ணே கொடுங்கள். ‘1160 அல்லது அதற்குள்’ என்ற நிகழ்தகவுக்கு மூன்றில் பெரிய எண்ணான 7ஐ எடுங்கள், வெய்புலில் 0.636. 1160க்கு ஒரே ஒரு இடம்தான் சொல்ல வேண்டும் என்றால் சராசரி வரிசை எண் 6; அப்போது 0.545.

படி 8: மீள்வுக் காலம், அதன் நிச்சயமின்மை

இப்போது நூறு ஆண்டுகளையும் எடுத்துக்கொள்வோம். ஆகக் குறைந்தது 1913இன் 456. அடுத்துக் குறைந்தது 1941இன் 649 என்பதைப் பார்த்தால் 1913 எவ்வளவு தனித்து நிற்கிறது என்று புரியும். இப்படிப்பட்ட வறட்சி எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும்? மீள்வுக் காலம் என்பது 1ஐ நிகழ்தகவால் வகுத்தது.

வெய்புல்: 101 ஆண்டு. பெனார்ட்: 143. டூக்கி: 150. பிளோம்: 160. கனேன்: 167. கிரிங்கார்ட்டன்: 179. ஹேசன்: 200.

ஒரே வறட்சிக்கு நூறும் சொல்லலாம், இருநூறும் சொல்லலாம். எத்தனை ஆண்டுத் தரவு இருந்தாலும் ஹேசன் முறை ஓர எண்ணுக்கு அதன் இரு மடங்கு காலத்தைத்தான் கொடுக்கும். அந்தச் சூத்திரத்தின் மீதான பழைய குற்றச்சாட்டே இதுதான்.

ஆனால் இந்த வித்தியாசத்தைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன பீட்டா பரவலைக் கொண்டு, ஆகக் குறைந்த எண்ணின் உண்மையான நிகழ்தகவுக்கு 90 சதவீத வரம்பு போடலாம். கீழ் எல்லை 1 − 0.95^(1/மொ), மேல் எல்லை 1 − 0.05^(1/மொ). நூறு ஆண்டுக்கு இவை 0.0005, 0.0295. மீள்வுக் காலமாக மாற்றினால் 34 ஆண்டு முதல் 1,950 ஆண்டு வரை. பத்து ஆண்டுத் தரவில் ஆகக் குறைந்த எண்ணுக்கு 4 முதல் 195 வரை. ‘நூறாண்டுக்கு ஒரு முறை’ என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் இந்த அகலத்தை நினைவில் வையுங்கள். சூத்திரத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுப்பது கடமை. அதனால் இந்த அகலம் குறையாது.

படி 9: எண்கள் ஒரே நதியிலிருந்து வந்தவையா?

இதைக் கடைசியில் எழுதினாலும் வேலையில் முதலில் செய்ய வேண்டும். 1871 முதல் 1898 வரை நைலின் சராசரி 1098. 1899 முதல் 1970 வரை 850. நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஓட்டம் சட்டென்று இறங்கிவிட்டது. 1899இல் பழைய அஸ்வான் அணையின் வேலை தொடங்கியது. மழை குறைந்ததும் காரணமாகச் சொல்லப்படுகிறது. எப்படியானாலும் நூறு எண்களும் ஒரே தன்மையவை என்ற நிபந்தனை உடைந்துவிட்டது. வரிசைப்படுத்திய கணத்தில் காலம் மறைந்துவிடும். எனவே வரிசைப்படுத்தும் முன் ஆண்டுவாரியாக ஒரு வரைபடம் போட்டுப் பார்த்துவிடுங்கள். நைலில் வறண்ட ஆண்டுகள் அடுத்தடுத்துக் கூட்டமாக வருவதையும் எகிப்தில் நீண்டகாலம் பணியாற்றிய ஹெரால்ட் ஹர்ஸ்ட் கண்டு எழுதினார். ஆண்டுகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் நூறு எண்கள் நூறு எண்களுக்கு உரிய தகவலைத் தருவதில்லை.

1899 முதலான 72 ஆண்டுகளை மட்டும் எடுத்தால் 1913க்கு வெய்புல் 73 ஆண்டு, ஹேசன் 144 ஆண்டு.

படி 10: அறிக்கையில் எழுதுவது

ஒரு எண்ணை மட்டும் தராதீர்கள். மேலே செய்த கணக்கை நான் இப்படி எழுதுவேன்: “அஸ்வானில் நைலின் ஆண்டு ஓட்டம், 1899–1970, 72 ஆண்டுகள். ஏறுவரிசை, புள்ளியிடம் வ ÷ (மொ + 1). 1913இன் 456 அலகு அளவுக்குக் கீழே ஓர் ஆண்டு போகும் நிகழ்தகவு 1/73. 90 சதவீத வரம்பு 0.0007 முதல் 0.041 வரை. 1899க்கு முந்தைய 28 ஆண்டுகள், ஓட்டத்தின் சராசரி மாறிவிட்டதால் சேர்க்கப்படவில்லை. ஆண்டுகளுக்கு இடையிலான சார்பு கணக்கில் கொள்ளப்படவில்லை.”